18 வயதா, 21 வயதா? அமெரிக்க மாநிலங்களின் துப்பாக்கி மசோதாக்கள்: ஓர் எளிய அறிமுகம்

டெக்சாஸில் 18 வயது நிரம்பிய ஒருவர் கடைக்குப் போய் பீர் கேட்டால் தரமாட்டார்கள். சிகரெட் கேட்டாலும் கிடையாது. துப்பாக்கிக் கடைக்குப் போய் கைத்துப்பாக்கி கேட்டால், 21 ஆகட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே கடையில் சுவரில் மாட்டியிருக்கும் ஏஆர்-15 ரக ரைஃபிளைக் காட்டி அது வேண்டும் என்றால், அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, பின்னணியைச் சரிபார்த்து, பில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை.

இந்த மூன்று வருட இடைவெளியை அடைப்பதற்காகத்தான் கடந்த சில ஆண்டுகளாக அமெரிக்காவின் பல மாநிலச் சட்டமன்றங்களில் மசோதாக்கள் வந்துகொண்டிருக்கின்றன. சில சட்டமாகின்றன, சில குழுவிலேயே செத்துப்போகின்றன, சட்டமானவற்றில் சில நீதிமன்றத்தில் மாட்டிக்கொள்கின்றன. செய்தியில் 'துப்பாக்கி வயது வரம்பு மசோதா' என்று ஒரே வரியில் வந்துபோகும் விஷயம் உள்ளே எப்படி இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, பிளேனோ, ஆலன் என்று நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஊர்களில் இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. அங்கே துப்பாக்கிக்காரன் வந்தால் எங்கே ஒளிய வேண்டும் என்று ஆரம்பப் பள்ளியிலேயே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

இடைவெளி எப்படி வந்தது?

1968-இல் அமெரிக்க நாடாளுமன்றம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஜான் கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி என்று அடுத்தடுத்து நடந்த படுகொலைகளின் சூட்டில் வந்த சட்டம் அது. அதன்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கியை 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது. ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளை 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது.

ஏன் இந்தப் பாகுபாடு? இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டு போகக்கூடியது கைத்துப்பாக்கி. தெருக் குற்றங்களில் புழங்கியது அதுதான். ரைஃபிள் என்றால் அன்றைக்கு மான் வேட்டை, பண்ணை, அப்பா மகனுக்குக் கொடுக்கும் பரிசு. அந்த மனப்படம்தான் சட்டத்தில் பதிந்தது. ஐம்பது சொச்சம் ஆண்டுகளில் சந்தை மாறிவிட்டது, ராணுவ ரைஃபிளின் சாயலில் செய்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள் நாட்டின் மிகப் பிரபலமான ரகங்களில் ஒன்றாகிவிட்டன. சட்டத்தின் மனப்படம் மட்டும் 1968-இலேயே நிற்கிறது.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. மேலே சொன்னது உரிமம் பெற்ற கடைக்காரருக்கான விதி. கடைக்காரர் அல்லாத தனிநபர் ஒருவர் தன்னுடைய ரைஃபிளை விற்பதற்கு மத்தியச் சட்டத்தில் குறைந்தபட்ச வயதே இல்லை. கைத்துப்பாக்கியாக இருந்தால் வாங்குபவருக்கு 18 ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதை ஏன் மாநிலங்கள் கையில் எடுக்கின்றன? நம் ஊரில் ஆயுதம், வெடிமருந்து எல்லாம் மத்தியப் பட்டியலில் இருக்கும் சங்கதி. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் நாடு முழுவதுக்கும், உரிமம் பெற வயது 21. அமெரிக்காவில் மத்தியச் சட்டம் ஒரு அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் எத்தனை கட்டுப்பாடு வைப்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்துகொள்ளலாம். அதனால்தான் ஒரே வயதுப் பையன் ஒரு மாநில எல்லையைத் தாண்டினால் வேறு சட்டத்துக்குள் போய்விடுகிறான். அங்கே 'கவர்னர்' என்பவரும் நம்மூர் ஆளுநர் மாதிரி நியமனம் பெற்றவர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர். மசோதாவில் அவர் கையெழுத்து விழுவதும் விழாததும் அடுத்த தேர்தலோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

எந்தத் துப்பாக்கி?

'குறிப்பிட்ட ரகத் துப்பாக்கிகள்' என்று மசோதாக்கள் சொல்வது பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களை. சினிமாவில் விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் தோட்டா மழையாகப் பொழியுமே, அது முழு ஆட்டோமேட்டிக். அந்த ரகத்தைப் புதிதாகத் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்பதை 1986-லேயே மத்தியச் சட்டம் நிறுத்திவிட்டது. செமி ஆட்டோவில் விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டாதான் போகும். ஆனால் அந்த வெடிப்பின் வேகத்திலேயே காலிக் கூடு வெளியே தெறித்து, மேகசின் என்கிற தோட்டாப் பெட்டியில் இருக்கும் அடுத்த தோட்டா தானாக ஏறி நின்றுகொள்ளும். மறுபடி இழுத்தால் அடுத்தது. பழைய வேட்டைத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் தள்ள வேண்டும். ஏஆர்-15 ரகத்தில் மாட்டும் வழக்கமான மேகசினில் 30 தோட்டாக்கள். தீர்ந்ததும் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டச் சில நொடிகள் போதும்.

மசோதா எழுதுபவருக்குத் தலைவலியே இங்கேதான் ஆரம்பம். எல்லையை எங்கே போடுவது? 2018 நவம்பரில் வாஷிங்டன் மாநில மக்கள் நேரடி வாக்கெடுப்பில் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதில் 21 வயது வரம்புக்குள் வருவது ஏறக்குறைய எல்லா செமி ஆட்டோ ரைஃபிள்களும். பிள்ளைகள் தகர டப்பாவைச் சுட்டுப் பழகும் சின்ன .22 ரைஃபிள்கூட அந்த வலைக்குள் வந்துவிடுகிறது. கலிஃபோர்னியா 2019-இல் செமி ஆட்டோ விதியை எழுதும்போது 'சென்டர்ஃபயர்' தோட்டா போடும் ரகம் என்று வரையறுத்தது. அதாவது அடிப்பாகத்தின் நடுவில் அடித்துப் பற்றவைக்கும் பெரிய தோட்டாக்கள். சின்ன .22 அதில் தப்பிவிடும்.

ஃபுளோரிடா வரையறைச் சண்டைக்கே போகவில்லை. எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் வாங்க 21 என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. வெர்மான்ட்டும் அப்படித்தான். ஆனால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருந்தால் 21-க்கு முன்பே வாங்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. அங்கே அந்த மசோதாவில் கையெழுத்துப் போட்ட கவர்னர் ஃபில் ஸ்காட் ரிபப்ளிகன் கட்சிக்காரர், புதிய துப்பாக்கிச் சட்டம் தேவையில்லை என்று சொல்லிவந்தவர். 2018 பிப்ரவரியில் ஃபேர் ஹேவன் என்ற சிற்றூரில் 18 வயது இளைஞர் ஒருவர் பள்ளியில் சுடத் திட்டமிட்டதாகப் பிடிபட்ட பிறகு மனதை மாற்றிக்கொண்டார். அந்த ஏப்ரலில் தலைமைச் செயலகத்துப் படிகளில் வைத்தே கையெழுத்துப் போட்டார், எதிர்ப்பாளர்கள் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

துப்பாக்கியை வரையறுத்தால் மட்டும் போதாது. எந்தச் செயலைத் தடுக்கிறோம் என்பதும் தெளிவாக வேண்டும். கடையில் வாங்குவது, தனிநபரிடம் வாங்குவது, அப்பாவிடமிருந்து பரிசாகப் பெறுவது, வீட்டில் வைத்திருப்பது, வெளியே எடுத்துக்கொண்டு நடப்பது என்று இவை ஐந்தும் ஐந்து வெவ்வேறு செயல்கள். ஃபுளோரிடாச் சட்டம் தடுப்பது வாங்குவதை மட்டும். 19 வயதுப் பெண்ணுக்கு அவள் தாத்தா ஒரு ரைஃபிளைக் கொடுத்தால், அவள் அதை வைத்திருக்கலாம், சுடவும் சுடலாம். 'இளைஞர்களுக்குத் துப்பாக்கித் தடை' என்று தலைப்புச் செய்தி போடுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. இந்த மசோதாக்களில் பெரும்பாலானவை, சொல்லப்போனால், கடைக் கவுன்ட்டரைப் பற்றிய சட்டங்கள். அவற்றின் பலமும் பலவீனமும் அதிலேயே இருக்கின்றன என்பது என் கணிப்பு.

கவுன்ட்டரில் என்ன நடக்கிறது?

கடைக்கு வருபவர் 4473 என்ற எண் கொண்ட மத்திய அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, பிறந்த தேதி, குற்றப் பின்னணி. அதில் ஒரு கேள்வி முக்கியமானது: இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? வேறொருவருக்காக வாங்கிக்கொடுத்துவிட்டு 'ஆமாம்' என்று டிக் அடித்தால் அதுவே குற்றம். பிறகு கடைக்காரர் தொலைபேசியிலோ கணினியிலோ எஃப்பிஐ நடத்தும் சரிபார்ப்பு மையத்துக்கு விவரத்தை அனுப்புவார். சில மாநிலங்களில் மாநிலக் காவல் துறையே இதைச் செய்யும். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். பதில் வராமல் மூன்று வேலை நாள் கடந்துவிட்டால், மத்தியச் சட்டப்படி கடைக்காரர் விற்றுவிடலாம். ஆன்லைனில் வாங்கினாலும் துப்பாக்கி வீட்டு வாசலுக்கு வராது. உள்ளூரில் உரிமம் பெற்ற ஒரு கடைக்குத்தான் வரும், அங்கே போய் இதே படிவத்தை நிரப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

2022 ஜூனில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட ஒரு மத்தியச் சட்டம் இந்த இடத்தில் சின்ன மாற்றம் செய்தது. வாங்குபவருக்கு 21 ஆகவில்லை என்றால், சிறார் குற்றப் பதிவுகளையும் மனநலம் தொடர்பான பதிவுகளையும் உள்ளூர் போலீஸிடமும் மாநில அலுவலகங்களிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மொத்தம் பத்து வேலை நாள் வரை காத்திருக்கலாம். வயது வரம்பு மட்டும் 18-இலேயே இருக்கிறது. அதை உயர்த்த மேலவையில் ஓட்டு தேறாது என்பதால் சமரசமாக வந்த ஏற்பாடு அது.

சிறார் பதிவு ஏன் முக்கியம்? 2022 மே 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பத்துப் பேரைக் கொன்ற 18 வயதுக்காரன், அதற்கு முந்தைய வருடம் பள்ளியில் கொலையும் தற்கொலையும் பற்றி எழுதியதால் மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டவன். கடையில் துப்பாக்கி வாங்கும்போது அது எதுவும் திரையில் வரவில்லை. முறைப்படிதான் வாங்கினான். மூன்று வாரம் கழித்து நியூயார்க், செமி ஆட்டோ ரைஃபிள் வாங்க உரிமம் வேண்டும், அதற்கு வயது 21 என்று சட்டம் கொண்டுவந்தது.

யுவால்டேவும் ஒரு மசோதாவின் மரணமும்

பஃபலோவுக்குப் பத்து நாள் கழித்து, 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டே ஊரில் ராப் ஆரம்பப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். கொன்றவனின் பெயரை நான் எழுதப்போவதில்லை, அவன் பெயருக்கு விளம்பரம் தேவையில்லை. அவன் துப்பாக்கி வாங்கிய விதம்தான் இந்த மசோதாக்களைப் புரிந்துகொள்ளத் தேவை.

அந்த ஜூலையில் டெக்சாஸ் கீழவையின் விசாரணைக் குழு ஒரு அறிக்கை வெளியிட்டது. 17 வயதாக இருந்தபோது அவன் தனக்குத் துப்பாக்கி வாங்கித் தரும்படி குறைந்தது இரண்டு பேரைக் கேட்டிருக்கிறான். இருவரும் மறுத்துவிட்டார்கள். மே 16 அன்று 18 வயது நிறைந்தது. மறுநாளே உள்ளூர்க் கடையில் முதல் ரைஃபிள். அதற்கு அடுத்த நாள் 375 தோட்டாக்கள். மே 20 அன்று, ஆன்லைனில் ஆர்டர் செய்து அதே கடைக்கு வந்திருந்த இரண்டாவது ரைஃபிள். நான்கு நாளில் பள்ளிக்குள் போய்விட்டான்.

கள்ளச் சந்தை தெரிந்த ஆள் அல்ல அவன். கேட்டான், கிடைக்கவில்லை, பிறந்தநாளுக்காகக் காத்திருந்தான். வயது வரம்பு 21 ஆக இருந்திருந்தால் அந்தக் கவுன்ட்டர் அவனுக்கு மேலும் மூன்று வருடம் மூடியிருக்கும். அதற்குள் வேறு வழி கண்டுபிடித்திருப்பானா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த மசோதாவுக்கு ஆதரவான வாதம் இதைவிடத் தெளிவாக எங்கேயும் எழுதப்படவில்லை.

அப்போது யுவால்டே பகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் டிரேசி கிங். டெமாக்ரட் கட்சிக்காரர்தான், ஆனால் கிராமப்புறத் தொகுதி, துப்பாக்கி உரிமை பக்கம் சாய்ந்தவர். அவர் 2023-இல் கீழவையில் கொண்டுவந்த மசோதாதான் எச்பி 2744. .22-ஐ விடப் பெரிய காலிபரும் (குழாய் விட்டம்), கழற்றி மாட்டும் மேகசினும் உள்ள செமி ஆட்டோ ரைஃபிளை 21-க்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது. போலீஸ், ராணுவத்தினருக்கு விலக்கு. மற்ற வேட்டைத் துப்பாக்கிகளைத் தொடவே இல்லை. இதற்கு மேல் சுருக்கினால் மசோதாவே மிஞ்சாது என்கிற அளவுக்குச் சிறிய மசோதா.

டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, 140 நாள் மட்டும் கூடும். அதற்குள் குழு விசாரணை, குழு ஓட்டு, அவையின் நிகழ்ச்சி நிரலில் இடம், கீழவை ஓட்டு, மேலவை, கவர்னர் என்று எல்லாப் படியையும் தாண்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு கெடு. ஒரு கெடுவைத் தவறவிட்டால் யாரும் எதிர்த்து ஓட்டுப் போடாமலேயே மசோதா செத்துவிடும். அரசியல்வாதிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு உண்டா? 'நான் எதிர்க்கவில்லையே, நேரம் போதவில்லை' என்று சொல்லிவிடலாம்.

ஏப்ரல் 18 அன்று குழு விசாரணை. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் காலையிலிருந்து காத்திருந்தார்கள். அவர்கள் முறை வந்தபோது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் மசோதா கிடப்பில். மே 6 அன்று ஆலன் நகரில் ஒரு கடை வளாகத்தில் இன்னொரு படுகொலை, எட்டுப் பேர் பலி. (அந்தக் கொலைகாரனுக்கு வயது 33, இந்த மசோதா அவனைத் தடுத்திருக்காது. அரசியலில் சூடு எங்கிருந்து வரும் என்பதற்குக் கணக்கு கிடையாது.) மே 8, திங்கட்கிழமை. தலைமைச் செயலகக் கட்டடத்துக்குள் 'வயதை உயர்த்து' என்று குடும்பத்தார் முழங்கிக்கொண்டிருக்க, குழு திடீரென்று ஓட்டெடுப்பு வைத்தது. 8-க்கு 5 என்று மசோதா தப்பியது. ஆதரித்த எட்டுப் பேரில் சாம் ஹார்லெஸ், ஜஸ்டின் ஹாலண்ட் என்ற இரண்டு ரிபப்ளிகன் உறுப்பினர்களும் இருந்தார்கள். டெக்சாஸில் அது நம்ப முடியாத காட்சி.

மறுநாள் இரவோடு கெடு முடிந்தது. நிகழ்ச்சி நிரலில் மசோதாவுக்கு இடம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் ஹாலண்ட் தோற்றார்.

எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

'18 வயதில் ராணுவத்தில் சேர்ந்து இதே ரகத் துப்பாக்கியைத் தூக்கலாம், ஓட்டுப் போடலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், மரண தண்டனைகூட வாங்கலாம், வீட்டில் தற்காப்புக்கு ஒரு ரைஃபிள் வாங்கக் கூடாதா?' என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. தனியாகக் குடியிருக்கும் 19 வயதுப் பெண், போலீஸ் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும் பண்ணை வீடு என்று அவர்கள் காட்டும் உதாரணங்கள் கற்பனை அல்ல. யுவால்டேவிலேயே 376 போலீஸார் குவிந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வகுப்பறைக்குள் நுழையாமல் நின்றார்களே, போலீஸை நம்பித் துப்பாக்கியைக் கீழே வை என்று யாரிடம் சொல்வீர்கள் என்றும் கேட்கிறார்கள். ராணுவ ஒப்பீட்டில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ராணுவத்தில் துப்பாக்கி பயிற்சியோடும் மேலதிகாரியோடும் வருகிறது, வேலை முடிந்ததும் ஆயுதக் கிடங்குக்குத் திரும்புகிறது. பண்ணை வீட்டு வாதம் அப்படி எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல.

அதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இந்தச் சட்டம் எத்தனை சாவைத் தடுக்கும்? 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலை. மீதியில் பெரும்பகுதி கொலை, அந்தக் கொலைகளிலும் ரைஃபிளின் பங்கு சிறியது, கைத்துப்பாக்கிதான் ஆதிக்கம். கைத்துப்பாக்கிக்குக் கடையில் ஏற்கெனவே 21. ஆக, செமி ஆட்டோ வயது வரம்பு இந்த மொத்த எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது குறிவைப்பது இன்னொன்றை: பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒருவன் சட்டப்படி கடையில் வாங்கிக்கொண்டு போய்ப் பலரைச் சுடும் அந்தக் குறிப்பிட்ட வகைச் சம்பவத்தை.

அந்த வகையிலும் கவுன்ட்டர் பக்கமே வராதவர்கள் உண்டு. 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற 20 வயதுக்காரன் பயன்படுத்தியது அம்மா வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகள். 1999-இல் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இரு மாணவர்களுக்கு, ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் தனிநபர் விற்பனையாளர்களிடம் 18 வயதுத் தோழி வாங்கிக் கொடுத்திருந்தாள். 2021 நவம்பரில் மிச்சிகன் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்றவனுக்கு வயது 15. துப்பாக்கியை நான்கு நாளுக்கு முன் வாங்கியவர் அவன் அப்பா. 2024-இல் அப்பா, அம்மா இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. வீட்டில் சிறுவர் இருந்தால் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று மிச்சிகன் 2023-இல் சட்டம் போட்டது. பீரோவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அதன் மேலேயே வைக்கிற வீடுகளில் கடைக் கவுன்ட்டர் சட்டம் ஒன்றும் செய்யாது. அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். ஆபத்தானவர் என்று தெரிந்தால் நீதிமன்ற உத்தரவோடு துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கும் 'ரெட் ஃபிளாக்' சட்டங்கள் இன்னொரு ரகம். வயது வரம்பு இவற்றில் ஒன்று மட்டுமே. ஆதரவாளர்களே சில சமயம் இதை மறந்துவிட்டு எல்லா நோய்க்கும் இதையே மருந்தாகக் காட்டுகிறார்கள்.

நீதிமன்றத்தில் 1791

மசோதா சட்டமானதும் மறுநாளே வழக்கு வரும். ஃபுளோரிடாவில் கவர்னர் ரிக் ஸ்காட் 2018 மார்ச் 9 அன்று கையெழுத்துப் போட்டார், அன்றைக்கே துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கம் வழக்குப் போட்டுவிட்டது. எல்லாம் அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தை வைத்துத்தான். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியம் 1791-இல் வந்தது. அது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2022 ஜூனில், யுவால்டே நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 'புரூவன்' வழக்கில் ஒரு புதிய அளவுகோலையும் வைத்தது: ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாடு செல்ல வேண்டுமென்றால், அது நாட்டின் வரலாற்றில் இருந்த கட்டுப்பாட்டு மரபோடு பொருந்த வேண்டும். அந்தச் சட்டம் உயிரைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. அன்றைக்கு அப்படி ஒன்று இருந்ததா என்பதுதான் கேள்வி. இரண்டு வருடம் கழித்து 'ரஹிமி' வழக்கில் கொஞ்சம் தளர்த்தினார்கள். பழைய சட்டம் அச்சு அசலாக இருக்க வேண்டாம், அடிப்படைக் கொள்கை ஒத்துப்போனால் போதும் என்றார்கள்.

இதனால் நீதிபதிகள் பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்புக்கும் அங்கே சரக்கு கிடைக்கிறது. 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 முதல் 45 வயது வரையுள்ள வெள்ளை ஆண்கள் குடிப்படையில் சேர்ந்து சொந்தத் துப்பாக்கியோடு வர வேண்டும். அரசே துப்பாக்கி கொண்டுவா என்று சொன்ன வயதினருக்கு உரிமை இல்லை என்று எப்படிச் சொல்வது? இது ஒரு தரப்பு. மறுதரப்பு: அந்தக் காலத்தில் சட்டத்தின் கண்ணில் 21 வரை ஒருவர் மைனர். அவர் செய்யும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, ஆகவே கடைக்காரர் யாரும் அவருக்குத் துணிந்து விற்க மாட்டார். 1856-இல் அலபாமா மைனர் பையன்களுக்குப் பிஸ்டல் விற்பதையே தடை செய்தது, பின்னால் பல மாநிலங்கள் அந்த வழியில் போயின.

விளைவு, ஒரே கேள்விக்கு ஊருக்கு ஒரு பதில். நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்கள் சேர்ந்தது ஒரு வட்டம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றம்தான்) 2025 ஜனவரியில், 18 முதல் 20 வயதினருக்குக் கடையில் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்ற அந்த 1968 விதியே செல்லாது என்றது. அதே விதி செல்லும் என்று நான்காவது வட்டம் சில மாதங்களில் சொன்னது. கொலராடோ 2023-இல் எல்லாத் துப்பாக்கிக்கும் 21 என்று போட்ட சட்டத்தைக் கீழ் நீதிமன்றம் நிறுத்தி வைக்க, பத்தாவது வட்டம் 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்கியது. விற்பனைக்கு நிபந்தனை விதிப்பது உரிமையைப் பறிப்பதாகாது என்பது அவர்கள் பார்வை. கலிஃபோர்னியாவின் செமி ஆட்டோ தடை செல்லாது என்று ஒன்பதாவது வட்டத்தின் மூன்று நீதிபதி அமர்வு சொன்ன தேதி 2022 மே 11, பஃபலோவுக்கு மூன்று நாள் முன்னால். புரூவன் வந்ததும் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்து மறுபரிசீலனைக்கு அனுப்பினார்கள்.

டெக்சாஸுக்கும் இதில் பங்கு உண்டு. 18 முதல் 20 வயதினர் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்ற மாநில விதியை 2022 ஆகஸ்டில் ஒரு மத்திய நீதிபதி ரத்து செய்தார். மாநில அரசு மேல்முறையீடு செய்துவிட்டு, டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வயதை உயர்த்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கவர்னர் கிரெக் ஆபட் யுவால்டே குடும்பங்களுக்குச் சொன்ன காரணங்களில் இந்தத் தீர்ப்பும் சேர்ந்துகொண்டது.

ஃபுளோரிடா இப்போது

ஃபுளோரிடாச் சட்டம் பிறந்தது பார்க்லேண்ட் பள்ளியில் 2018 பிப்ரவரி 14 அன்று 17 பேர் இறந்த பிறகு. சுட்டவனுக்கு 19 வயது, ரைஃபிளை 18 வயதில் சட்டப்படி வாங்கியிருந்தான். உயிர் தப்பிய மாணவர்கள் பஸ் ஏறித் தலைநகர் டாலஹாசிக்குப் போனார்கள். மூன்று வாரத்தில், ரிபப்ளிகன் பெரும்பான்மை உள்ள சட்டமன்றமே மசோதாவை நிறைவேற்றியது. மேலவையில் 20-க்கு 18, நூலிழை. இன்றைக்கு அதே கட்சியின் கீழவை உறுப்பினர்கள் நீளத் துப்பாக்கிக்கு வயதை மறுபடி 18-க்கு இறக்கும் மசோதாவை 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து நிறைவேற்றி அனுப்பினார்கள். மூன்று முறையும் மேலவை அதை எடுக்கவே இல்லை. டெக்சாஸில் வயதை உயர்த்தும் மசோதாவைக் கொன்ற அதே கிடப்பு உத்தி, இங்கே உயர்த்திய வயதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

2025 மார்ச் 14 அன்று பதினோராவது வட்டத்தின் முழு அமர்வு 8-க்கு 4 என்று ஃபுளோரிடாச் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. வழக்கில் ஜெயித்தது மாநில அரசு. ஆனால் அந்த அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் உத்மையர், வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் இந்தச் சட்டத்துக்காகத் தான் வாதாடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.